பிட்ட அழகு அறுவை சரியாக அமையாவிட்டால்: மறு அறுவை எப்படி நடக்கிறது

பிட்ட அழகு அறுவை முடிந்து மாதங்கள் கழிந்தும் ஒரு பக்கம் எடுப்பாகவும் மறுபக்கம் சப்பையாகவும் நிற்கலாம். நடுவில் குழி விழலாம். உட்காரும்போது உள்ளே கட்டியாக உறுத்தலாம். இவற்றைச் சரிசெய்ய வழிகள் உண்டு. ஆனால் எந்த வழி என்பதைக் கண்ணாடியில் தெரியும் வடிவத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. உள்ளே எதை வைத்தார்கள், எந்த அடுக்கில் வைத்தார்கள் என்ற இரண்டும் தெரிந்தாக வேண்டும்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் இந்த விவரம் பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடும். கேட்டு வாங்க வேண்டியது ஆபரேஷன் நோட்ஸ். எந்தப் பக்கம் எத்தனை மில்லி, தசைக்கு மேலா உள்ளேயா, இம்ப்ளான்ட் (உள்ளே வைக்கும் சிலிக்கான் பொதி) என்றால் அதன் ஸ்டிக்கரும் பேட்ச் எண்ணும் அதில் இருக்கும். உள்நோயாளியின் ஆவணத்தை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறை விதிகள் சொல்கின்றன. வாயால் கேட்காமல் எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். நோட்ஸ் கிடைக்கவே இல்லையென்றால் எம்.ஆர்.ஐ.யும் அல்ட்ராசவுண்டும்தான் கதி.

அடுக்குகளைத் தெரிந்துகொள்வோம். மேலே தோல், அதன் கீழ் கொழுப்பு, அதற்குக் கீழ் தசையுறை, பிறகு குளூட்டியஸ் மேக்ஸிமஸ் என்ற தடித்த தசை. அந்தத் தசைக்கு அடியில்தான் காலுக்குப் போகும் சயாட்டிக் நரம்பும், பெரிய சிரைகளும் ஓடுகின்றன. ஆபத்து முழுக்க அங்கேதான்.

அதிகம் நடப்பது கொழுப்பு மாற்று. பிரேசிலியன் பட் லிஃப்ட், சுருக்கமாக பிபிஎல் என்று சொல்வார்கள். வயிற்றிலிருந்தும் இடுப்பிலிருந்தும் உறிஞ்சிய கொழுப்பை வடித்துத் தோலடியில் செலுத்துகிறார்கள். உறிஞ்சி எடுத்த கொழுப்புக்குச் சொந்த ரத்தக்குழாய் கிடையாது. புதுக் குழாய்கள் முளைக்கும்வரை, முதல் சில நாட்கள், சுற்றியுள்ள திசுவிலிருந்து ஊறிவரும் ஆக்சிஜனில்தான் அது உயிர் பிழைக்க வேண்டும். அந்த ஊற்று ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே எட்டாது. எனவே மெல்லிய இழைகளாக, பல தடங்களில் பரப்பி வைத்தால் பிழைக்கும். ஒரே இடத்தில் கொட்டினால் நடுப்பகுதி செத்துப்போகும். நெருக்கி நட்ட நாற்று மாதிரிதான். வைத்ததில் சுமார் 60 முதல் 80 சதவீதம் தங்கும் என்பது பொதுக் கணக்கு. ஒரே ஆளின் இரண்டு பக்கங்களிலும்கூட அது ஒன்றாக இருப்பதில்லை. அளவு வித்தியாசம் வருவது பெரும்பாலும் இதனால்தான்.

செத்த கொழுப்பு சும்மா கரைந்து போவதும் இல்லை. சிறிய அளவென்றால் உடல் உறிஞ்சிவிடும். பெரியதென்றால் அது எண்ணெயாகி, சுற்றிலும் ஓர் உறை கட்டி, தொட்டால் உருளும் கட்டியாகிறது. ஆண்டுகள் போனால் உறையில் சுண்ணாம்பு படியும். அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே தடித்த ஊசியால் குத்தி இழுத்தால் மஞ்சள் எண்ணெய் சிரிஞ்சில் ஏறும், கட்டி தணியும். உறை தடித்திருந்தால் திரும்ப நிரம்பும், அப்போது உறையோடு வெட்டி எடுப்பதே வழி. கட்டி எண்ணெயா, சீழா, தழும்பா என்று தெரியாமல் வெளியிலிருந்து அழுத்தி மசாஜ் செய்வது வீண் வேலை. சீழாக இருந்தால் கெடுதலும்கூட.

அளவு குறைந்துபோனால் இரண்டாம் முறை கொழுப்பு வைக்கலாம். அதற்கு அவசரம் கூடாது. முதல் 6 வாரம் தெரிவது பாதி வீக்கம். 3 மாதத்தில் ஓரளவு நிலைக்கும், 6 மாதத்தில்தான் உண்மையான அளவு தெரியும். அதற்கு முன் வைத்தால் எதன்மேல் வைக்கிறோம் என்றே தெரியாது. தழும்பு இன்னும் இறுக்கமாக இருந்தால் ஓராண்டு காத்திருப்பது மேல். மறுமுறை எடுக்கக் கொழுப்பும் வேண்டும். வயிறும் இடுப்பும் முன்பே காலியாகியிருக்கும்; உள்தொடை, முதுகு, கை என்று தேட வேண்டிவரும். ‘எடை கூட்டிக்கொண்டு வாருங்கள்’ என்ற யோசனை நல்லதல்ல. இடம் மாறிய கொழுப்புச் செல் உடல் எடையோடு சேர்ந்தே பருக்கும், சேர்ந்தே இளைக்கும். கூட்டிய எடை இறங்கும்போது வைத்த பருமனும் இறங்கிவிடும்.

குழிகளுக்கு வேறு வைத்தியம். தோலைக் கீழே கட்டியிழுக்கும் தழும்பு நாரை நுண்ணிய ஊசியாலோ முள்முனைக் கருவியாலோ அறுத்துவிட்டு, மீண்டும் ஒட்டாமலிருக்க இடையில் கொஞ்சம் கொழுப்பு வைப்பார்கள். நாரை அளவுக்கு மீறி அறுத்தால் உள்ளே பொந்து உண்டாகும். வைத்த கொழுப்புக்குப் பிடிமானம் இல்லாமல் நீர் கோக்கும். ஆகவே ஆழக் குழிகளைப் பல தவணைகளில் சரிசெய்கிறார்கள். ஒரே நாளில் சமமாக்கித் தருகிறேன் என்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். பிட்டமும் தொடையும் சேரும் மடிப்பில் அதிகமாக உறிஞ்சியிருந்தால் பிட்டமே சரிந்து இரட்டை மடிப்பு விழும். அந்தக் கொழுப்புதான் தாங்குகோல். திரும்ப வைக்க வேண்டும். தோல் தளர்ந்திருந்தால் மேலே பிறை வடிவில் வெட்டித் தூக்கித் தைக்க வேண்டியிருக்கும். நீளத் தழும்பு அதன் விலை.

கொழுப்பு மாற்றில் உயிர்பலி எப்படி நேர்கிறது என்பதும் மறு அறுவைக்கு வருபவர் தெரிந்துகொள்ள வேண்டியது. ஊசிக்குழாய் தசைக்குள் இறங்கி அடியிலுள்ள சிரை கிழிந்தால், கொழுப்பு நேராக இதயத்துக்கும் நுரையீரலுக்கும் போய் அடைத்துவிடும். சுமார் 3,000 பேரில் ஒருவர் இறப்பதாக 2017-ல் வெளியான ஒரு சர்வதேசக் கணக்கெடுப்பு மதிப்பிட்டது. அதன்பின் வந்த அறிவுரை இதுதான்: தோலடியில் மட்டும் வைக்க வேண்டும், 4.1 மில்லிமீட்டருக்குக் குறையாத வளையாத குழாயால் வைக்க வேண்டும். அமெரிக்காவின் ஃபுளோரிடா 2019-ல் தசைக்குள் செலுத்துவதையே தடை செய்தது. 2023-ல் அல்ட்ராசவுண்டில் குழாய் முனையைப் பார்த்துக்கொண்டே வைக்க வேண்டும் என்று சட்டமாக்கியது. இரண்டாம் முறையில் அடுக்குகள் தழும்பால் ஒட்டிக்கிடப்பதால் குழாய் முனை கை உணர்வுக்குத் தப்பும். ஆபரேஷன் தியேட்டரில் அல்ட்ராசவுண்ட் இருக்கிறதா என்று கேட்பது இங்கே அதிகப்பிரசங்கித்தனம் இல்லை.

சிலிக்கான் இம்ப்ளான்ட் வைத்தவர்களின் தொல்லை வேறு விதம். பிட்டப் பிளவில் கீறி உள்ளே வைப்பதால், வியர்வையும் ஈரமும் தங்கும் அந்த இடத்தில் தையல் பிரிவது சாதாரணம். மேலோட்டமாகப் பிரிந்தால் டிரஸ்ஸிங்கிலேயே ஆறிவிடும். இம்ப்ளான்ட் கண்ணுக்குத் தெரிந்தாலோ சீழ் வந்தாலோ எடுத்தே ஆக வேண்டும்; ஆண்டிபயாட்டிக் மட்டும் போதாது, கிருமி சிலிக்கான் மேல் படலம் கட்டிவிடும். எடுத்து, கழுவி, நீர் வடியக் குழாய் வைத்து, பல மாதம் கழித்தே அடுத்ததை யோசிக்கலாம். இடம் நகர்ந்தது, புரண்டது, விளிம்பு தெரிகிறது என்றால் உள்ளே அது உட்கார்ந்திருக்கும் அறையை மாற்ற வேண்டும். தசையுறைக்குக் கீழிருப்பதைத் தசையின் நடுவில் புது அறைக்கு மாற்றுவது ஒரு வழி. எடுத்துவிட்டுக் கொழுப்பு வைப்பது இன்னொன்று. அப்போது கொழுப்பைக் காலி அறைக்குள் கொட்டக் கூடாது, ரத்த ஓட்டமில்லாத அங்கே அது அழுகும். சுற்றியுள்ள தோலடியில்தான் பரப்ப வேண்டும்.

மிகக் கடினமானது ஊசியில் ஏற்றிய திரவ சிலிக்கான், பாரஃபின் போன்றவை. மலிவென்று அறைகளில், வீடுகளில் ஏற்றிக்கொண்டு பல ஆண்டுகள் கழித்துக் கட்டி, நிறமாற்றம், புண் என்று வருகிறார்கள். திருநங்கையரும் இதில் நிறையப் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள். உடல் வடிவத்துக்காகச் சிலிக்கான் ஊசி வேண்டாமென்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-ல் எச்சரித்தது. சிலிக்கான் திசுவுக்குள் துளித்துளியாகக் கலந்து, தொடைக்கும் முதுகுக்கும் நகரும். முழுவதும் எடுக்க முடியாது. எம்.ஆர்.ஐ.யில் வரைபடம் போட்டு, தொல்லை தரும் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, வீக்கத்துக்கு மருந்து தருவார்கள். ரத்தத்தில் கால்சியமும் கிரியாட்டினினும் பார்த்தே ஆக வேண்டும். இந்தக் கட்டிகள் கால்சியத்தைக் கூட்டிச் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும். ஊசியில் ஏற்றும் பொருள்களில் ஹயலுரானிக் அமில ஃபில்லர் (நிரப்பி) மட்டுமே விதிவிலக்கு, அதைக் கரைக்க நொதி ஊசி இருக்கிறது.

வாரங்கள் கழித்து வலியில்லாமல் சிவந்து கசியும் புண்ணைச் சாதாரணச் சீழென்று விடாதீர்கள். கருவிகளைக் கழுவும் நீரிலிருந்து வரும் காசநோய்க் குடும்பத்துக் கிருமிகள் வழக்கமான மருந்துக்கு அடங்கா. திசுத் துண்டை ஏ.எஃப்.பி. கல்ச்சருக்கு (இந்தக் கிருமிகளை வளர்த்துப் பார்க்கும் சோதனை) தனியாக எழுதி அனுப்ப வேண்டும். சிகிச்சை மாதக் கணக்கில் போகும். வடசென்னையில் சீழ், தோல் அழுகல் என்றால் பழைய ஜெயில் ரோட்டு ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கே போகலாம். 1971-ல் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி தொடங்கிய கை அறுவைப் பிரிவிலிருந்து வளர்ந்த பிளாஸ்டிக் சர்ஜரித் துறை அங்கே இருக்கிறது. திசு மடலால் (ரத்த ஓட்டத்தோடு திருப்பி வைக்கும் திசுத் துண்டு) புண்ணை மூடுவது அவர்களுக்கு அன்றாட வேலை. அறுவைக்குப் பின் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, குழப்பம், ஒரு காலில் மட்டும் வீக்கம் என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள், மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, அழகு அறுவையை மருத்துவக் காப்பீடு பொதுவாக ஏற்காது. மறு அறுவையில் சிக்கல் வந்தால் தியேட்டர் செலவு யாருடையது என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். செய்பவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது டி.என்.பி. என்ற மேற்படிப்பு முடித்தவரா என்றும் பாருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு 2 முதல் 6 வாரம் பிட்டத்தில் நேராக உட்காரக் கூடாது. உட்கார்ந்தே ஆக வேண்டுமென்றால் தொடைக்கடியில் தலையணை வைத்து பிட்டம் தொங்கட்டும். வடசென்னைக்காரர் என்றால், டோல்கேட்டிலிருந்து பாரிமுனைக்கு ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துப் போவதும், எண்ணூர் ரோட்டின் கன்டெய்னர் லாரிப் பள்ளங்களில் பைக் ஓட்டுவதும் வேண்டாம். விம்கோ நகர் மெட்ரோவில் நின்றுகொண்டே செக்கப்புக்குப் போய்வரலாம். அறுவைக்குப் பின் போடும் இறுக்க உடை சென்னைப் புழுக்கத்தில் நனைந்துவிடும். இரண்டு செட் வைத்து மாற்றுங்கள், மடிப்பை ஈரமில்லாமல் ஒற்றியெடுங்கள். பிளவில் தையல் இருந்தால் தரைமட்ட டாய்லெட்டில் குந்துவது தையலைப் பிளந்துவிடும். வீட்டில் வெஸ்டர்ன் இல்லையென்றால், டாய்லெட் நாற்காலி ஒன்றை அறுவைக்கு முன்பே வாங்கி வையுங்கள்.