‘ஃப்ளிப் பண்ணிடுங்கண்ணா’

போன வாரமும் என்னிடம் எடிட்டிங்குக்கு ஒரு ஹார்டு டிஸ்க் வந்தது. ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் வீட்டு வராண்டாவில் எடுத்த குறும்படம். அண்ணனும் தங்கையும் சொத்துக்காகச் சண்டை போடுகிறார்கள். நடிப்பில் குறையில்லை. ஆனால் முகத்தை நெருக்கமாகக் காட்டும் க்ளோஸில் அண்ணன் வலது பக்கம் பார்த்துக் கத்துகிறான். தங்கையும் வலது பக்கமே பார்த்துப் பதில் சொல்கிறாள். அடுத்தடுத்து ஒட்டினால், இரண்டு பேரும் சேர்ந்து வேறு யாரையோ திட்டுகிற மாதிரி இருக்கிறது. போன் போட்டுக் கேட்டால், “ஒண்ணை ஃப்ளிப் பண்ணிடுங்கண்ணா, தெரியாது” என்கிறார் டைரக்டர் தம்பி.

தெரியும் தம்பி. நன்றாகவே தெரியும்.

ஃப்ளிப் செய்தால், அதாவது படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றினால், பார்வை மட்டும் திரும்பாது, ஃப்ரேமில் இருக்கிற அத்தனையும் திரும்பும். தங்கையின் முந்தானை இடது தோளிலிருந்து வலது தோளுக்குப் போய்விடும். மூக்குத்தி மறுபக்கம் ஏறிவிடும். சரி, அண்ணனைத் திருப்பலாம் என்றால் சட்டைப் பை வலப்பக்கம் வருகிறது, வாட்ச் கை மாறுகிறது, பின்சுவரில் தொங்கும் காலண்டரை ஆம்புலன்ஸ் முகப்பெழுத்து மாதிரி படிக்க வேண்டியிருக்கிறது. வெளிச்சமும் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். முந்தானை தோள் மாறியதை நம் ஊர்ப் பெண்கள் கவனிக்காமல் விடுவார்கள் என்று நம்புகிறவரிடம் நான் என்ன பேசுவது? ஆளில்லாத மலை, மேகம் என்றால் தாராளமாகத் திருப்பித் தருகிறேன். மனிதர்களை முடியாது.

இத்தனைக்கும் விஷயம் எளிது. பேசிக்கொள்ளும் இருவருக்கும் நடுவே மனதுக்குள் ஒரு கோடு போடுங்கள். கேமரா அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில், அந்த 180 டிகிரிக்குள் இருக்கட்டும். தாண்டவே கூடாதா? தாண்டலாம். கேமரா நகர்ந்துகொண்டே தாண்டட்டும். இல்லையென்றால் நடிகர் நடந்து இடம் மாறுவதைக் காட்டுங்கள். அதுவும் இல்லையென்றால் கோட்டின் மேலேயே நின்று ஒரு ஷாட் எடுத்துவிட்டு அந்தப் பக்கம் போங்கள். இவர்கள் தாண்டியதற்குக் காரணம், எதிர்ப்பக்கம் சில்வர் ஓக் மரங்களும் மிளகுக் கொடிகளும் அழகாக இருந்ததாம். அப்படியென்றால் முதல் ஷாட்டிலேயே நடிகர்களை அதற்கேற்ப நிறுத்தியிருக்க வேண்டும்.

1935-இல் டி.ஆர்.சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற ஃபிலிம் ஸ்டுடியோவைத் தொடங்கிய ஊர் எங்கள் சேலம். ஏற்காடு மலைக்குப் போகிற வழியில்தான் அந்த ஸ்டுடியோவின் நுழைவாயில் வளைவு நிற்கிறது. எல்லோரும் அதன் முன் செல்ஃபி எடுக்கிறார்கள். அப்புறம் மேலே போய் லைன் கிராஸ் செய்கிறார்கள்!

ஏற்காட்டில் இன்னொரு தொல்லை மூட்டம். காட்சி முழுவதையும் காட்டும் மாஸ்டர் ஷாட்டில் சுள்ளென்று வெயில், ஒருவர் தோளுக்குப் பின்னாலிருந்து மற்றவரைக் காட்டும் சஜஷனுக்கு லென்ஸ் மாற்றுவதற்குள் பின்னால் இருந்த மரத்தையே காணோம். கலர் கரெக்‌ஷனில் வெயிலை வரவழைக்க முடியாது. அதனால் சஜஷன், க்ளோஸ் என்று ஒட்டிப் போகவேண்டிய ஷாட்களை ஒரே வெளிச்சத்தில் ஒன்றாக முடியுங்கள். மூட்டம் வந்தால் விலகும்வரை காத்திருங்கள். போனில் எடுத்தால் எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) ஒயிட் பேலன்ஸையும் (நிறச் சமன்) தானாக மாறாதபடி லாக் செய்யுங்கள். இரண்டு கேமரா என்றால் இரண்டிலும் ஒரே ஃப்ரேம் ரேட் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்).

ஒரே ஆளை அடுத்தடுத்து எடுக்கும்போது ஷாட் சைஸை நன்றாக மாற்றுங்கள், கேமராவை 30 டிகிரியாவது நகர்த்துங்கள். கொஞ்சூண்டு நகர்த்தினால் படம் துள்ளும். வசனத்தில் எந்தச் சொல்லுக்கு டீ கிளாஸைக் கீழே வைத்தார் என்று ஒருவர் எழுதிக்கொள்ளட்டும். ஒவ்வொரு டேக் முடிந்ததும் போனில் ஒரு ஃபோட்டோ. அசிஸ்டென்ட் இல்லையென்றால் சும்மா நிற்கிற நண்பரிடம் கொடுங்கள், எப்படியும் நாலு பேர் நிற்பார்கள்.

ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். ஷூட்டிங் முடிந்தது, பேக்கப் என்று சொல்வதற்கு முன்னால் இரண்டு பேரின் க்ளோஸையும் அங்கேயே லேப்டாப்பில் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். தப்பென்றால் நடிகர்கள் பக்கத்திலேயே இருப்பார்கள், மேக்கப்கூடக் கலைந்திருக்காது. 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்தபிறகு என்னிடம் கேட்டால், மறுபடி மேலே போக வண்டி வாடகையை நானா தருவேன்?