நுவரெலியாப் பருப்பும் எரிமலையின் கடிகாரமும்

கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்குக் குடிவந்த புதிதில் பெரியம்மா அடுப்போடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். பருப்பு அவியவே மாட்டேன் என்றது. விறகு ஈரம் என்று பெரியப்பாவுக்கு ஏச்சு. உண்மையில் குற்றம் காற்றினுடையது. ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். எவ்வளவு விறகு தள்ளினாலும் திறந்த சட்டியில் அதற்கு மேல் சூடு ஏறாது.

பூமிக்குள் பாறை உருகுவதும் அழுத்தத்தின் விளையாட்டுத்தான். நமக்குக் கீழே நெருப்புக் குழம்புக் கடல் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை. மேலோட்டுக்கு அடியிலுள்ள மூடகம் 1,300 பாகையிலும் கெட்டியான பாறைதான். மேலிருக்கும் பாரம் அதை உருகவிடாமல் அமுக்கிவைத்திருக்கிறது. அந்தப் பாறை ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர், அதாவது நகம் வளரும் வேகத்தில், மேலே ஏறும் இடங்களில் அழுத்தம் தளர்கிறது. புதிதாகச் சூடேற்றாமலேயே உருகத் தொடங்குகிறது. இந்தோனேசியா போன்ற இடங்களில் வழி வேறு: கீழே அமிழும் கடல்தளம் கொண்டுபோகும் நீர், பாறையின் உருகுநிலையைக் குறைக்கிறது.

உருகுவதும் முழுப் பாறையல்ல, நூற்றில் சில பங்குதான். அது பாறையின் பொடிமணிகளுக்கிடையே கசிந்து திரண்டு மேலேற நூற்றாண்டுகள், ஆயிரக்கணக்கான ஆண்டுகள்கூட ஆகலாம். பிறகு மேலோட்டுக்குள் தங்கிப் பாதி உறைந்து, பழைய கஞ்சி மாதிரி, படிகங்களும் கொஞ்சம் குழம்புமாகப் பல்லாயிரம் ஆண்டுகள் கிடக்கும்.

சரி, இந்தக் காலக்கணக்கை எப்படிப் போடுகிறார்கள்? எனக்குப் பிடித்த இடம் இதுதான். குழம்பில் வளரும் ஒவ்வொரு படிகமும் மரத்தைப் போல வளையம் வளையமாக வளர்கிறது. கீழிருந்து புதுக் குழம்பு வந்து கலந்தால் அடுத்த வளையத்தின் சேர்மானம் மாறிவிடும். முதலில் இரண்டுக்கும் நடுவே கோடு கூர்மையாக இருக்கும். பிறகு, கலக்காமல் வைத்த வெந்நீரில் தேயிலைச் சாயம் பரவுவதுபோல, அணுக்கள் மெல்ல எல்லை தாண்டும், கோடு மங்கும். எந்தச் சூட்டில் எவ்வளவு வேகமாக மங்கும் என்பதை ஆய்வுகூடத்தில் அளந்து வைத்திருக்கிறார்கள். எரிமலை வெடித்துப் படிகம் குளிர்ந்ததும் கடிகாரம் நின்றுவிடும். மங்கலை அளந்தால் நாள் தெரியும்.

1963 முதல் 1965 வரை வெடித்த கோஸ்டாரிக்காவின் இராசூ எரிமலையில், ஆலிவின் என்ற கனிமத்தின் படிகங்களுக்குள் நிக்கல் பரவியிருந்த விதம் ஆச்சரியப்படுத்தியது: ஏறத்தாழ 35 கிலோமீட்டர் ஆழத்திலிருந்து சில மாதங்களிலேயே குழம்பு மேலே வந்திருந்தது. கிரேக்கத்தின் சாண்டோரினி சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் பெரிதாக வெடித்தது. அதற்கு முன் 18,000 ஆண்டுகள் பெரிய வெடிப்பே இல்லை. ஆனால் பெருமளவு புதுக் குழம்பு வந்து சேர்ந்தது கடைசி நூறு ஆண்டுகளுக்குள் என்கின்றன படிகங்கள்.

கடைசி ஓட்டம் இன்னும் வேகம். மேலே வர வர, கரைந்திருந்த வாயுக்கள் சோடாப் போத்தலைத் திறந்ததுபோல் நுரைத்துத் தள்ளும். சிலியின் சைத்தேன் எரிமலையில் 2008இல் கெட்டியான குழம்பு ஐந்து கிலோமீட்டர் ஆழத்திலிருந்து நான்கு மணி நேரம் அளவில் ஏறிவிட்டது. ஹட்டனிலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் போகும் நேரம்தான்.

பூமியின் மேற்பகுதி பெரும் பாறைத் தட்டுகளால் ஆனது; இலங்கை அப்படியொரு தட்டின் விளிம்பிலும் இல்லை. அடியில் ஏறும் சூட்டுத் தூணும் இல்லை. அதனால் எரிமலையும் இல்லை. கன்னியா வெந்நீரூற்றுக்கூட, ஆழத்துக்கு இறங்கிச் சூடாகித் திரும்பும் நீர்தான். ஆனால் மலையகத்துப் பாறைகள் சூடு காணாதவை அல்ல. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் அவை 20 கிலோமீட்டருக்கும் கீழே கிடந்தன. சில இடங்களில் 900 பாகையையும் தாண்டி வெந்தன, கொஞ்சம் உருகவும் செய்தன. பின்னர் மேலிருந்த பாறை கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கரைந்து கடலுக்குப் போனதால்தான் வெளியே தெரிகின்றன. அடுத்த தடவை பாதையோரப் பாறை வெட்டில் மாதுளை முத்துப் போன்ற சிவப்புப் புள்ளிகளைக் கண்டால் நின்று பாருங்கள். அவை கார்னட். அவற்றின் வளையங்களிலும் இதே கடிகாரத்தைப் படிக்கலாம். அங்கே முள் மணிக்கணக்கில் நகர்வதில்லை, இலட்சக்கணக்கான ஆண்டுகளில் நகர்கிறது.