வீட்டோ: தமிழில் என்ன சொல்லலாம்?

ஒரு முடிவை நடப்புக்கு வராமல் தடுத்து நிறுத்தும் உரிமையைத்தான் வீட்டோ என்கிறோம். லத்தீனில் ‘வீட்டோ’ ஒரு வினைமுற்று. தன்மை ஒருமை. ‘தடுக்கிறேன்’ என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது போலத்தான். சொல்கிற ஆள் அந்த விகுதிக்குள்ளேயே நிற்கிறார்.

பழைய ரோமில் எளிய மக்களுக்காகப் பேசிய ‘திரிபூன்’ என்ற அதிகாரிகள், மேல்தட்டினரின் ஆணையை நிறுத்த இந்த உரிமையைப் பயன்படுத்தினார்கள். பலமில்லாதவர் கையில் இருந்த கேடயம் அது.

தமிழில் பலரும் ‘ரத்து அதிகாரம்’ என்று எழுதுகிறோம். எனக்கு இதில் மனம் ஒப்பவில்லை. ரத்து அரபியிலிருந்து வந்த சொல் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். பொருளே சரியாகப் பொருந்தவில்லை. நடப்பில் இருப்பதை நீக்குவதுதான் ரத்து. ரயிலை ரத்து செய்கிறோம், உரிமத்தை ரத்து செய்கிறோம். வீட்டோ என்பது நடப்புக்கு வரும் முன்பே வழி மறிப்பது. ‘மறுப்பாணை’யும் சரிவராது, ஏனென்றால் இதில் ஆணை எதுவும் இல்லை. ‘தடுப்புரிமை’ என்பதே என் தேர்வு. தடுப்பதும் அதில் இருக்கிறது, அதற்கான உரிமையும் இருக்கிறது. ஐ.நா. சாசனத்தில் வீட்டோ என்ற சொல்லே கிடையாது. பாதுகாப்பு அவையின் ஐந்து நிரந்தர உறுப்பினர்களின் வாக்கும் இசைந்திருக்க வேண்டும் என்று மட்டும்தான் அது சொல்கிறது. அங்கேயும் தடுப்புரிமை சரியாகவே பொருந்தும்.

இந்தச் சொல் ஒரு பெரிய நாட்டையே முடக்கிய கதை போலந்தில் நடந்தது. போலந்து–லிதுவேனியா கூட்டரசின் நாடாளுமன்றத்துக்கு ‘செய்ம்’ என்று பெயர். பிரபுக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பும் உறுப்பினர்கள் அதில் ஒருமனதாக முடிவெடுக்க வேண்டும் என்பது மரபு. ஒத்துவராதவரை உட்காரவைத்துப் பேசி இணங்கவைப்பார்கள். அது வரைக்கும் சரி. 1652-இல் கூட்டத்தொடரை நீட்டிக்கக் கூடாது என்று சிசின்ஸ்கி என்ற ஒரே ஓர் உறுப்பினர் எதிர்ப்புச் சொல்லிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார். அந்த ஒற்றைக் குரலைச் சட்டப்படி செல்லும் என்று அவை ஏற்றுக்கொண்டது. திருப்புமுனை அந்த ஏற்புதான் என்று நினைக்கிறேன்.

இதன் பெயர் ‘லிபரம் வீட்டோ’. நேர்ப்பொருள் ‘கட்டற்ற தடுப்பு’. நான் ‘தனியாள் தடுப்புரிமை’ என்பேன். ‘நியே பொஸ்வாலம்’, அதாவது ‘அனுமதிக்க மாட்டேன்’ என்று ஒருவர் எழுந்து சொன்னால் அந்த மசோதா மட்டும் விழாது. அந்தத் தொடரில் அதுவரை நிறைவேறிய எல்லாமே சேர்ந்து விழும். இங்கே மட்டும் ரத்து என்ற சொல்லுக்கும் இடமுண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். 1688-இல் அவைத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முன்பே செய்ம் கலைந்தது. மூன்றாம் அகஸ்டஸ் மன்னரின் முப்பது ஆண்டு ஆட்சியில் ஒரே ஒரு செய்ம்தான் சட்டம் இயற்றியது. புது வரி போட முடியவில்லை, படையைப் பெருக்க முடியவில்லை. அண்டை நாடுகளுக்கோ ஓர் உறுப்பினரை விலைக்கு வாங்கினாலே போதும் என்றாகிவிட்டது. ரஷ்யாவும் பிரஷ்யாவும் இந்த உரிமையைக் காப்பதாக 1764-இல் ஒப்பந்தமே போட்டுக்கொண்டன.

1772-இல் அந்த இரண்டும் ஆஸ்திரியாவும் போலந்தில் ஆளுக்கொரு பகுதியை எடுத்துக்கொண்டன. அதற்குச் செய்மின் ஒப்புதல் தேவைப்பட்டபோது, 1773-இல் அதைப் ‘பிரபுக்கள் கூட்டணி’ என்ற வடிவில் கூட்டவைத்தார்கள். அந்த வடிவில் பெரும்பான்மை போதும், தனியாள் தடுப்புரிமை செல்லாது. அண்டை நாட்டார் காசுக்கு நூறாண்டாகக் கிடைத்துவந்த தடுப்பு, நாட்டைக் காப்பாற்ற வேண்டிய நாளில் கிடைக்கவில்லை. ரெய்தான் என்ற உறுப்பினர் வாசலில் குறுக்கே படுத்துத் தடுத்துப் பார்த்தார். தாண்டிப் போனார்கள்.

1791 மே 3-இல் வந்த புதிய அரசமைப்புச் சட்டம் அந்த உரிமையை ஒழித்தது. அடுத்த ஆண்டே ரஷ்யப் படை உள்ளே வந்தது. 1793-இல் இன்னொரு பங்கு போனது, 1795-இல் மிச்சமும் போனது. அப்புறம் 1918 வரை போலந்து என்று ஒரு தனி நாடு இல்லை.