24 நிறப் பெட்டி எதற்கு?

தவணை தொடங்கினால் பெற்றோர் என்னிடம் கேட்கும் முதற்கேள்வி, "சேர், எத்தனை நிறப் பெட்டி வாங்கிக் குடுக்கிறது?" யாழ்ப்பாணத்துக் கடைகளில் 12, 24, 36 என்று அடுக்கி வைத்திருப்பார்கள். நிறம் கூடினால் பிள்ளை நன்றாகக் கீறும் என்ற நினைப்பு. என்னைக் கேட்டால் வோட்டர் கலரில் ஆறு ரியூப்பும் ஒரு வெள்ளையும் தாராளம்.

சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் முதன்மை நிறங்கள் என்று படித்திருப்போம். 1704இல் வெளிவந்த நூலில் நியூட்டன் ஒளியின் நிறங்களை வட்டமாக அடுக்கிக் காட்டினார். ஓவியர்கள் அதைத் தங்கள் தீந்தைக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள். (அச்சகக்காரரின் மூன்று நிறம் வேறு, அது தனிக்கதை.)

சரி, முதன்மை மூன்றென்றால் ஏன் ஆறு ரியூப்? கடை நீலம் எதுவும் தனி நீலம் இல்லை. பிரஷ்யன் நீலம் பச்சைப் பக்கம் சாய்ந்தது, அல்ட்ராமரின் ஊதாப் பக்கம். பிரஷ்யனோடு எலுமிச்சை மஞ்சள் சேர்ந்தால் பளிச்சென்ற பச்சை வரும். அதே மஞ்சளை அல்ட்ராமரினில் கலந்து பாருங்கள், பச்சை மங்கிவிடும். அந்த நீலத்துக்குள் சிவப்புச் சாயல் இருக்கிறது. ஆகவே ஒவ்வொன்றிலும் இரண்டு: மஞ்சளில் எலுமிச்சையும் செம்மஞ்சள் சாயலுள்ளதும், சிவப்பில் செம்மஞ்சள் பக்கம் சாய்ந்த வெர்மிலியனும் ஊதாப் பக்கம் சாய்ந்த கிறிம்சனும்.

பெட்டிப் பச்சையால் வரும் வினை பனை கீறும்போதுதான் தெரியும். ஓலைக்கு அதை அப்படியே பூசிவிட்டு, நிழலுக்குக் கறுப்பைக் கலப்பார்கள். ஓலை கருகிப்போன மாதிரி இருக்கும். வட்டத்தில் பச்சைக்கு நேரெதிர் சிவப்பு. தூரிகை நுனியில் கொஞ்சம் கிறிம்சன் தொட்டுப் பச்சையில் விட்டால் அதன் பளபளப்பு அடங்கி, சாம்பல் பூத்த பனையோலை நிறம் வரும். இன்னும் ஒரு பொட்டு விட்டால் ஓலையின் நிழல். அதற்கும் மேலே போனால் மண்ணிறம்தான், கவனம்.

எதிர்நிறத்தை மனப்பாடம் செய்விக்க வேண்டாம். நல்லூர்க் கோயில் மதிலின் சிவப்புப் பட்டை ஒன்றைப் பிள்ளை அரை நிமிடம் இமைக்காமல் பார்க்கட்டும். பிறகு வெள்ளைத் தாளைப் பார்த்தால், நீலம் கலந்த பச்சையில் ஒரு பட்டை மிதக்கும். நாங்கள் கலக்கும் பச்சையைவிட நீலம் கொஞ்சம் கூடத்தான், ஆனாலும் சிவப்புக்கு எதிர்ப்பக்கம் எது என்று கண்ணே காட்டிவிடும்.

பெட்டி ஏற்கெனவே வாங்கியாயிற்றா? பரவாயில்லை, கறுப்பை மட்டும் ஒரு தவணைக்கு எடுத்து வையுங்கள். கறுப்பு வேண்டுமென்று அடம்பிடித்தால், அல்ட்ராமரினில் செம்மஞ்சளைச் சிறிது சிறிதாகக் கலக்கச் சொல்லுங்கள். கருஞ்சாம்பல் ஒன்று கிடைக்கும், மழை முகிலுக்கு அதுவே நல்லது.