யாரும் பார்க்காத டிவி

"என் பையன் டிவியே பார்க்க மாட்டான் மேடம். அது பாட்டுக்கு ஓடும், அவன் பாட்டுக்கு விளையாடுவான்."

என்னிடம் குழந்தையைப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்து வரும் தாய்மார்கள் இதை அடிக்கடி சொல்கிறார்கள். அதனால் இப்போதெல்லாம் "எவ்வளவு நேரம் பார்க்கிறான்?" என்று கேட்பதில்லை, "எவ்வளவு நேரம் ஓடுகிறது?" என்றுதான் கேட்கிறேன். காலையில் பக்திப் பாடல், மதியம் சீரியல், மாலை ஆறு மணியிலிருந்து இரவுச் சாப்பாடு முடியும்வரை என்று பாட்டி கணக்குச் சொல்வார். ஏழெட்டு மணி நேரம் வந்துவிடும்.

ஒன்றரை வயதுக் குழந்தை கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருக்கிறது. விளம்பரம் வந்து சத்தம் கூடுகிறது, தலை திரும்புகிறது. மறுபடி கிண்ணத்துக்கு வரும்போது எதற்கு அடுக்கினோம் என்பது போய்விடுகிறது. டிவி ஓடும்போது குழந்தையின் விளையாட்டு துண்டு துண்டாவதையும், பெரியவர்கள் குழந்தையிடம் பேசுவது குறைவதையும் ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. எனக்குப் பெரிய கவலை இரண்டாவதுதான். குழந்தை ஜன்னலைக் காட்டி "ஆ" என்றால், "ஆமா, காக்கா! பறந்துபோச்சு பாரு" என்று யாராவது பதில் சொல்ல வேண்டும். டிவி பேசிக்கொண்டே இருக்கும், குழந்தையின் பதிலுக்குக் காத்திருக்காது. இரண்டரை வயதில் விளம்பர வசனத்தை அப்படியே ஒப்பித்த ஒரு குழந்தை, தாகம் எடுத்தால் அம்மாவின் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போகும். 'தண்ணி' என்று கேட்கத் தெரியவில்லை.

2 வயதுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல்.

சமையல் முடிக்க இருபது நிமிடம் கிடைக்காத அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். யாரும் பார்க்காதபோது அணைத்துவிடுங்கள், பாட்டி தன் சீரியலைப் பார்த்து முடித்ததும் அணைத்துவிடட்டும். அப்புறம், சோறு ஊட்டும்போது வேண்டவே வேண்டாம். முதல் சில நாள் அழும், நாலு வாய் குறைவாகச் சாப்பிடும். பரவாயில்லை, நீங்கள் சாப்பிடும்போது பக்கத்தில் உட்காரவைத்துப் பேசிக்கொண்டே ஊட்டுங்கள்.

இன்னொன்று. பேச்சுத் தாமதத்துக்கெல்லாம் டிவிதான் காரணம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 2 வயதாகியும் 'அம்மா வா' போல இரண்டு சொல் சேர்த்துப் பேசாவிட்டால் முதலில் காது கேட்கும் திறனைச் சோதியுங்கள். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்றோ, டிவியை நிறுத்திப் பார்க்கலாம் என்றோ ஆறு மாதம் தள்ளிப்போட வேண்டாம்.