பிள்ளையின் இரத்தத்தில் இருப்பது யாருடையது?

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "கிளினிக்கில் எனக்கு சிபிலிஸ் என்று ஊசி போட்டார்கள். பிறந்த பிள்ளைக்கும் விடிஆர்எல் பொசிட்டிவ். ஆனால் பிள்ளை நல்லாத்தான் இருக்கு. தொத்திட்டுதா?"

விடிஆர்எல் சிபிலிஸுக்கான இரத்தச் சோதனை. அதில் பொசிட்டிவ் என்ற ஒற்றைச் சொல்லை வைத்துச் சொல்ல முடியாது, தங்கச்சி.

சிபிலிஸ் உடலுறவால் தொற்றும் நோய். கர்ப்பத்தில் அதன் கிருமி சூல்வித்தகத்தை, அதாவது நச்சுக்கொடியைக் கடக்கும். தொற்றிய பிள்ளைக்கு ஓயாத மூக்கொழுகல், உள்ளங்கை உள்ளங்காலில் தோலுரிவு, ஈரல் வீக்கம், எலும்பு நோவால் கையை அசைக்காமை எல்லாம் வரலாம். பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் பிறக்கும்போது எதுவுமே தெரியாது. அதனால்தான் இரத்தத்தைப் பார்க்கிறார்கள்.

விடிஆர்எல் கிருமியைத் தேடுவதில்லை. மாட்டு இதயத்திலிருந்து முதலில் பிரித்தெடுத்த கார்டியோலிப்பின் என்ற கொழுப்போடு இரத்தத்தின் தெளிநீரைக் கலப்பார்கள். நோயில் சிதைந்த கலங்களின் கொழுப்புக்கு எதிராக உடல் செய்த பிறபொருளெதிரி (அன்டிபொடி) அதில் இருந்தால், திரிந்த பால்போல் துகள் துகளாகத் திரளும். சிக்கல் என்னவென்றால், ஐஜிஜி வகைப் பிறபொருளெதிரியைத் தாயின் உடலே சூல்வித்தகம் வழியாகப் பிள்ளைக்கு அள்ளிக் கொடுக்கிறது. அப்படியானால் திரள வைத்தது யாருடையது?

இங்கேதான் அந்த அழகான கணக்கு. தெளிநீரை 2, 4, 8, 16 மடங்கு என்று நீர்க்கச் செய்துகொண்டே போய், எதுவரை திரள்கிறது என்று பார்ப்பார்கள். நிறைமாதப் பிள்ளையிடம் ஐஜிஜி தாயைவிடச் சற்றுக் கூடவும் இருக்கலாம். ஒரு படி ஏறி இறங்குவது சோதனைக்கே இயல்பு. ஆனால் தாய்க்கு 8, பிள்ளைக்கு 32 என்றால், அதாவது நான்கு மடங்கென்றால், தாய் கொடுத்தது மட்டும் அவ்வளவு வராது. பிள்ளையே செய்கிறது, தொற்று இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். குறைந்த எண் வந்தால் மட்டும் தொற்றில்லை என்றும் ஆகாது. தொப்புள்கொடி இரத்தத்தில் தாயின் இரத்தம் கலக்கலாம். பிள்ளையின் நாளத்திலிருந்தே எடுக்க வேண்டும்.

தொற்று உறுதியானால் பெனிசிலின், 10 நாள், ஆஸ்பத்திரியில். இந்தக் கிருமி இரண்டாகப் பெருக 30 மணித்தியாலம் தாண்டும்; பெனிசிலின் பெருகும் கிருமியைத்தான் கொல்லும், எனவே மருந்து இடைவிடாமல் நிற்க வேண்டும். தோலுரிவைக் கரப்பான் என்றும் நாவூறு என்றும் பார்த்துக் கழிக்கும் நாட்கள் கிருமிக்குத்தான் இலாபம்.

2019 இல் தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி., சிபிலிஸ் பரவுவதை ஒழித்த நாடென்று உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று கொடுத்தது. என்னைக் கேட்டால், அதில் பெரும் பங்கு வீடுவீடாகப் போய்க் கர்ப்பிணிகளைக் கிளினிக்குக்கு வரவைக்கும் மிட்வைஃப்மாருக்கு. அவர்களின் வெற்றிடங்களை நிரப்பாமல் விடுவது சிக்கனமல்ல.

உங்கள் ஊசி பிரசவத்துக்கு ஒரு மாதத்துக்கு முன்பே போடப்பட்டதா என்று கிளினிக் அட்டையில் பாருங்கள். அப்படியென்றால், பிள்ளையின் எண்ணும் குறைவாக, உடலும் நன்றாக இருந்தால், தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. பாதுகாப்புக்கு ஒரே ஒரு ஊசி போடுவார்கள். இரண்டு மூன்று மாதத்துக்கொருமுறை இரத்தம் பார்க்க வேண்டும். உங்களிடமிருந்து வந்ததென்றால் ஆறு மாதத்துக்குள் மறைந்துவிடும். கணவருக்கும் இரத்தம் பார்த்து மருந்து கொடுத்தார்களா?