நட்சத்திரத்தின் முனையும் கால் அங்குலமும்

குவில்ட், அதாவது துணித் துண்டுகளை இணைத்துச் செய்யும் விரிப்பு, தைக்கப் புதிதாக வருபவர்கள் என்னிடம் கொண்டுவந்து காட்டும் முதல் நட்சத்திரம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். நிறத் தேர்வு அழகாக இருக்கும், தையல் நேராக ஓடியிருக்கும், முனைகள் மட்டும் மழுங்கியிருக்கும். ஒன்றிரண்டு முனைகள் பக்கத்துத் துணியின் தையலுக்குள் போய் மறைந்தே இருக்கும். "எனக்குக் கை வரவில்லை" என்று தீர்ப்பையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். அந்தத் தீர்ப்பை நான் ஏற்பதில்லை. இத்தனை ஆண்டுகளில் நான் பிரித்துப் பார்த்த மழுங்கிய நட்சத்திரங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கோளாறு ஒன்றுதான். தையலுக்காக விட்ட கால் அங்குலம், கால் அங்குலமாக இல்லை.

உடை தைத்துப் பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். உடையில் தையலுக்கு அரை அங்குலமோ அதற்கு மேலோ விடுகிறோம். கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் உடம்பில் போட்டதும் சரியாகிவிடும். ஒட்டுத்துணி வேலை அப்படி இல்லை. அளவுகள் எல்லாமே கால் அங்குலத்தை, அதாவது 6.35 மில்லிமீட்டரை, நம்பித்தான் கணக்கிடப்பட்டிருக்கின்றன. நீங்கள் ஒரு வீசம், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, கூடுதலாக உள்ளே தைத்தால், இரண்டு துணியிலும் சேர்த்து ஒவ்வொரு தையலும் அரைக்கால் (⅛) அங்குலத்தை விழுங்கும். மூன்று துண்டுகள் கொண்ட வரிசையில் இரண்டு தையல்கள் வரும். இப்படிப்பட்ட வரிசைகளால் ஆன சதுரத்தைக் கட்டம் என்போம்; அது கால் அங்குலம் சுருங்கிவிடும். அப்படிப்பட்ட 6 கட்டங்களை அதே தையலில் அடுத்தடுத்து இணைத்தால் 2⅛ அங்குலம் காணாமல் போயிருக்கும். ஒரு வீசத்தின் விளைவு இது.

ஆகவே நட்சத்திரத்துக்குத் துணி வெட்டும் முன்பு ஒரு சோதனை செய்யுங்கள். 1½ அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளை வெட்டிப் பக்கம் பக்கமாக இணைத்து, தையலை ஒரு பக்கமாக மடித்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். நடுப்பட்டையின் அகலம் சரியாக 1 அங்குலம் இருக்க வேண்டும், மொத்த அகலம் 3½ அங்குலம். நடுப்பட்டை ஒடுங்கியிருந்தால் நீங்கள் அதிகமாக உள்ளே தைக்கிறீர்கள். எந்திரத்தில் துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டின் விளிம்பே கால் அங்குலம் என்று நம்பி ஏமாறுபவர்கள் ஏராளம். சாதாரண ஃபுட்டில் ஊசியிலிருந்து விளிம்பு வரை உள்ள தூரம் எந்திரத்துக்கு எந்திரம் மாறும். ஊசியைத் துணியில் குத்தி நிறுத்துவதுபோல் அளவுகோலின் கால் அங்குலக் கோட்டின் மேல் மெதுவாக இறக்கி, அளவுகோலின் வலது விளிம்பை ஒட்டி எந்திரத் தட்டின்மேல் ஒரு ஒட்டுநாடாவை ஒட்டிவிடுங்கள். இனி துணியின் விளிம்பு அந்த நாடாவைத் தொட்டபடி போனால் போதும். சோதனையில் நடுப்பட்டை இழையளவு குறைந்தால் நாடாவை இழையளவு உள்ளே நகர்த்துங்கள். துணி மடியும் இடத்தில் அதன் தடிமனும் கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்வதால், உண்மையில் நமக்குத் தேவைப்படுவது கால் அங்குலத்துக்கு ஓர் இழை குறைவான தையல்.

இந்தச் சோதனைக்கு அரை மணி நேரம் போகும். அலுப்பாகத்தான் இருக்கும். அதைத் தவிர்த்துவிட்டுத் தைத்தவர்கள் பிறகு தையல் பிரிக்கச் செலவிடும் மாலைப்பொழுதுகளை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது நட்சத்திரம். தொடக்கத்துக்கு நான் சொல்லிக்கொடுப்பது அமெரிக்க ஒட்டுத்துணி மரபில் ஃப்ரெண்ட்ஷிப் ஸ்டார் என்று வழங்கும் நான்கு முனை நட்சத்திரம். மூன்றுக்கு மூன்று, ஆக 9 சதுரங்கள். நடுவில் நட்சத்திர நிறம், நான்கு மூலைகளிலும் பின்னணி நிறம், மீதி நான்கில் பாதிக்குப் பாதி இரு நிற முக்கோணங்கள். தைத்து முடிந்ததும் 9 அங்குலக் கட்டம் வேண்டுமென்றால், பின்னணித் துணியில் 3½ அங்குலச் சதுரம் நான்கும் 4 அங்குலச் சதுரம் இரண்டும் வெட்டுங்கள். நட்சத்திரத் துணியில் 3½ அங்குலம் ஒன்று, 4 அங்குலம் இரண்டு. முழுப் பருத்தித் துணியாகவும், இரண்டும் ஏறத்தாழ ஒரே கனமுள்ளதாகவும் இருக்கட்டும். துவைத்துவிட்டு வெட்டுவதென்றால் எல்லாவற்றையும் துவையுங்கள்; ஒன்று சுருங்கியும் மற்றது சுருங்காமலும் இருந்தால் முதல் சலவையிலேயே கட்டம் கோணிக்கொள்ளும். நிறங்கள் பிரிந்து தெரியுமா என்று ஐயம் இருந்தால் இரண்டையும் சேர்த்துக் கருப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் கண்ணுக்கு எதிரெதிராகத் தெரிந்தாலும் படத்தில் ஒரே சாம்பலாக வரலாம். அப்போது நட்சத்திரம் பின்னணியில் கரைந்துவிடும்.

வேலையின் உயிர் இரு நிற முக்கோணச் சதுரத்தில் இருக்கிறது. முக்கோணங்களைத் தனித்தனியாக வெட்டி இணைக்காதீர்கள். துணியைப் பாவு, ஊடு இரண்டுக்கும் குறுக்காக வெட்டினால் அந்த விளிம்பு கிராஸ் விளிம்பு. கையில் எடுக்கும்போதே நீளும். நீண்ட விளிம்பைத் தைத்தால் சதுரம் அலைபோல நெளியும். முதலில் தைத்து, பிறகு வெட்டினால் இந்தத் தொல்லையே இல்லை. 4 அங்குலச் சதுரங்களில் பின்னணி ஒன்று, நட்சத்திரம் ஒன்று எடுத்து நல்ல பக்கங்கள் உள்நோக்கி இருக்க ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். வெளிர் துணியின் பின்பக்கத்தில் மூலைக்கு மூலை பென்சிலால் கோடு போட்டு, கோட்டின் இருபுறமும் கால் அங்குலம் தள்ளித் தையுங்கள். கோட்டின்மேல் வெட்டுங்கள். விரித்தால் இரண்டு சதுரங்கள் கிடைக்கும். இன்னொரு இணையையும் இப்படியே தைத்தால் நான்கு.

கணக்குப்படி 3⅞ அங்குலச் சதுரமே போதும். முடிந்த அளவோடு முக்காலே அரைக்கால் (⅞) அங்குலம் சேர்ப்பது பழைய விதி. புதியவர்களுக்கு நான் 4 அங்குலம் சொல்வதற்குக் காரணம், ஓரத்தைச் சீர்செய்யக் கொஞ்சம் துணி கிடைக்கும் என்பதுதான். அளவுகோலின் 45 பாகைக் கோட்டை மூலைத்தையலின்மேல் பொருத்தி, நான்கு பக்கமும் சிறிது சிறிதாக வெட்டி 3½ அங்குலத்துக்குக் கொண்டுவாருங்கள். தையல் கோடு மிகச் சரியாக மூலையிலிருந்து மூலைக்குப் போக வேண்டும். இந்த இடத்தில் அவசரப்படாதவர்களின் நட்சத்திரம் மழுங்குவது அரிது.

இஸ்திரி பற்றி ஒரு வார்த்தை. ஒட்டுத்துணியைத் தேய்க்கக் கூடாது, அழுத்த வேண்டும். பெட்டியை வைத்து, எடுத்து, அடுத்த இடத்தில் வையுங்கள். முன்னும் பின்னும் ஓட்டினால் மூலைத்தையல் இழுபட்டுச் சதுரம் சாய்சதுரமாகும். ஓரம் சீர்செய்து முடிக்கும்வரை நீராவியும் வேண்டாம்.

9 துண்டுகளையும் மேசையில் பரப்பிய பிறகு உட்காராமல் நின்று பாருங்கள். நான்கு முனைகளும் காற்றாடிபோல ஒரே திசையில் சுழல வேண்டும். இடமாகச் சுழன்றாலும் வலமாகச் சுழன்றாலும் தவறில்லை, நான்கும் ஒத்துப்போக வேண்டும் என்பதுதான் முக்கியம். பரப்பும்போது சரியாக இருந்து, எந்திரத்துக்கு எடுத்துப்போகும் வழியில் ஒன்று திரும்பிவிடுவது வழக்கமான விபத்து. கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு தையுங்கள். தையல் நீளம் 2 முதல் 2.5 மில்லிமீட்டர் போதும்.

வரிசை வரிசையாக இணைத்ததும், மேல், கீழ் வரிசைகளின் தையல்களை மூலைச் சதுரங்கள் பக்கமாகவும், நடுவரிசையின் தையல்களை நடுச்சதுரம் பக்கமாகவும் மடித்து அழுத்துங்கள். வரிசைகளை ஒன்றன்மேல் ஒன்று வைக்கும்போது எதிரெதிர்த் திசையில் மடிந்த தையல்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். விரலால் தடவினாலே தெரியும், இடைவெளியும் மேடும் இருக்காது. அங்கே ஒரு குண்டூசி குத்திவிட்டுத் தையுங்கள்.

சுழல் கத்தியால் வெட்டுபவர்களுக்கு: ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் கத்தியை மூடுங்கள், அரை நிமிடத்தில் மறுபடி எடுக்கப்போகிறீர்கள் என்றாலும் மூடுங்கள். உடம்புக்கு எதிர்த்திசையில் தள்ளி வெட்டுங்கள். அளவுகோலைப் பிடிக்கும் கையின் ஒரு விரலும் விளிம்பைத் தாண்டி நிற்கக் கூடாது. துணியை வெட்டுவதைவிட எளிதாக அது விரலை வெட்டும். வெட்டும் விரிப்பின்மேல் சூடான பெட்டியையும் வைக்காதீர்கள். விரிப்பு வளைந்துவிட்டால் பிறகு நேராகாது.

கட்டம் முடிந்ததும், சுற்றிலும் தையலுக்கு விட்ட கால் அங்குலத்தோடு சேர்த்து 9½ அங்குலம் இருக்கும்; பக்கத்துக் கட்டங்களோடு இணைத்த பிறகுதான் அது 9 அங்குலமாகும். முனைகள் வெளிவிளிம்பைத் தொடாமல் கால் அங்குலம் உள்ளே நிற்பதைப் பார்த்ததும், அந்த அதிகத் துணியை வெட்டிவிடக் கை துடிக்கும். என் முதல் விரிப்புக்காகத் தைத்த கட்டங்களை நான் அப்படித்தான் முனையை ஒட்டி வெட்டினேன். அடுத்த கட்டத்தோடு இணைத்தபோது அத்தனை முனைகளும் தையலுக்குள் போயின. கட்டங்களைப் புதிதாகத் தைக்க வேண்டியிருந்தது. அந்தக் கால் அங்குலம், பக்கத்து நட்சத்திரத்தோடு இணையப்போகும் தையலுக்கு உரியது. அதை அப்படியே விட்டுவைத்து இரண்டாவது கட்டத்துக்குத் துணி எடுங்கள்.